பிடிஎஸ் 456: ஒரே பள்ளம், இரண்டு வேகங்கள்

பிடிஎஸ் 456 ஒரு குவேசார், அதாவது வெகு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் கொழுந்துவிட்டு ஒளிரும் மையம். அதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, இவ்வளவு பிரகாசமான ஒன்று இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததைத்தான். ஓரளவு நமக்கு அருகில் உள்ள குவேசார்களில் இதை மிஞ்சி ஒளிர்வது கிடையாது. பாடப்புத்தகங்களில் தவறாமல் வரும் 3சி 273-ஐ மார்ட்டன் ஷ்மிட் 1963-லேயே இன்னதென்று அடையாளம் கண்டுவிட்டார். அதைவிடக் கூடுதலாக ஒளி உமிழும் இதுவோ 1997 வரை கணக்கில் வரவே இல்லை. பிரேசிலின் பிக்கோ தோஸ் தியாஸ் வான்காணகத்தில் இளம் நட்சத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்த ஒரு குழுவின் பட்டியலில் 456-ஆவது ஆளாக மாட்டியது. அந்தப் பட்டியலின் பெயரும் எண்ணும்தான் இதன் பெயர்.

மறைந்திருந்ததற்குக் காரணம் தூசி. மூலம் நட்சத்திரத்திலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே, ஒரு சாண் அளவு தள்ளி இது இருக்கிறது. அந்தத் திசையில் நம் பால்வீதியின் மையமும் பக்கத்தில்தான். இடையில் கிடக்கும் தூசியைத் தாண்டி வருவதற்குள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் முக்கால்வாசி தீர்ந்துபோகிறது. ஆனி பிறக்கும் சமயம், மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்கால்களில் ஏறும் நாட்களில், நள்ளிரவில் நம் டெல்டாவின் தெற்கு வானில் நல்ல உயரத்திலேயே நிற்கும். ஆனால் பிரகாச எண் 14 (எண் கூடக் கூட மங்கல்). பெரிய தொலைநோக்கி இருந்தாலும் ஒரு சாதாரண நட்சத்திரப் புள்ளிபோலத்தான் தெரியும். பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பீர்கள்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் முதுகலை இயற்பியல் மாணவர்களோடு சனிக்கிழமைகளில் உட்கார்ந்து படிக்கும் வழக்கம் உண்டு. ஒரு பருவம் முழுக்க இந்த ஒரு குவேசாரையே எடுத்துக்கொண்டோம். எக்ஸ் கதிரும் புற ஊதாவும் காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை. விண்கலத்தில் இருந்துதான் பார்க்க முடியும். அந்தத் தரவுகள் சில காலத்துக்குப் பிறகு உலகில் யாருக்கும் இலவசம். ஐப்பசி அடைமழையில் வாரக்கணக்கில் வானமே தெரியாத ஊரில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான வானியல் ஏது? கீழே வருவது அந்த அமர்வுகளில் நாங்கள் அடுக்கிப் பார்த்த நிகழ்வு ஆய்வு.

அடிப்படை விவரம்

செம்பெயர்ச்சி 0.184. அதாவது அங்கிருந்து கிளம்பும் எந்த அலைநீளமும் 1.184 மடங்கு நீண்டு நம்மை வந்தடைகிறது. இந்த எண் கடைசிவரை தேவைப்படும். நாம் இன்று பார்க்கும் ஒளி கிளம்பி இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

மொத்த ஒளி ஆற்றல் 1-க்குப் பக்கத்தில் 40 சுழியம் போட்டால் வரும் வாட். சூரியக் கணக்கில் சுமார் 26 லட்சம் கோடி சூரியன்கள். இத்தனையும் வருவது ஒரு கருந்துளையைச் சுற்றிச் சுழன்று உள்ளே விழும் வாயுத் தட்டிலிருந்து. தட்டு பெரும்பாலும் புற ஊதாவில் ஒளிர்கிறது. அதற்கு மேலே, கருந்துளையை ஒட்டியுள்ள மிகச் சூடான பகுதி எக்ஸ் கதிரைத் தருகிறது.

கருந்துளையின் நிறை என்ன என்பதில்தான் இழுபறி. பத்துக் கோடிகளில் தொடங்கி நூறு கோடி சூரிய நிறை வரை மதிப்பீடுகள் உண்டு. இது சில்லறை விஷயமில்லை. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு இவ்வளவுதான் ஒளிரலாம், அதற்கு மேல் போனால் ஒளியின் அழுத்தமே விழும் வாயுவை வெளியே தள்ளிவிடும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. எடிங்டன் வரம்பு என்பார்கள். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகரை 1935-இல் லண்டன் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் கேலி செய்தாரே, அதே எடிங்டன்தான். அந்த விவகாரத்தில் அவர் தோற்றார். இந்த வரம்பில் அவர் சொன்னது நின்றுவிட்டது. பிடிஎஸ் 456-இன் நிறை நூறு கோடி என்று வைத்தாலே அது வரம்பை ஒட்டி நிற்கிறது. குறைவு என்றால் வரம்பைத் தாண்டிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் அங்கிருந்து பலமான காற்று கிளம்பத்தான் வேண்டும். கிளம்புகிறதா, எவ்வளவு வேகம், எவ்வளவு நிறை என்பதுதான் கேள்வி.

எக்ஸ் கதிர் சொன்னது

ஒளிக்கும் நமக்கும் நடுவே வாயு இருந்தால், அது தனக்குரிய அலைநீளத்தை விழுங்கிவிடும். நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். வாயு நம்மை நோக்கி வந்தால் பள்ளம் ஆற்றல் மிகுந்த பக்கமாக நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால் வேகம் வந்துவிடும். கேட்க எளிது. ஆனால் அந்தப் பள்ளத்தைத் தோண்டியது எந்த அயனி, அதாவது எலக்ட்ரான் இழந்த எந்த அணு, என்று முதலில் தெரிய வேண்டும். இந்த ஆய்வின் சிக்கல் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவின் எக்ஸ் கதிர் விண்கலமான எக்ஸ்எம்எம்-நியூட்டன் 1999 டிசம்பரில் ஏவப்பட்டது. 2001-இல் அது இந்தக் குவேசாரைப் பார்த்தபோதே 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) மேலே ஒரு பெரிய இறக்கம் தெரிந்தது. வினாடிக்கு 50,000 கிலோமீட்டர் வேகத்தில் வாயு வெளியேறுகிறது என்று 2003-இல் கட்டுரை வந்தது. அப்புறம் 2007-இல் ஜப்பானின் சுசாகு விண்கலம் பார்த்தது. வேகம் இன்னும் கூடுதலாக வந்தது.

கரும்பலகையில் நாங்கள் போட்ட கணக்கு இது. பள்ளம் நமக்குத் தெரிவது ஏறத்தாழ 7.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில். 1.184-ஆல் பெருக்கினால் குவேசாரின் இடத்தில் அது 9.0. அவ்வளவு கொதிக்கும் வாயுவில் இரும்பணுவின் 26 எலக்ட்ரான்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும். அந்த அயனி விழுங்க வேண்டியது 6.97. ஒன்பதை 6.97-ஆல் வகுத்தால் 1.29. சார்பியல் டாப்ளர் சூத்திரத்தில் போட்டால் ஒளிவேகத்தில் கால் பங்கு. வினாடிக்கு 75,000 கிலோமீட்டர்.

கணக்கு சரி. ஆனால் 9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இரும்பு வேறொரு விதத்திலும் ஒளியை விழுங்கும். தனக்குரிய ஓர் ஆற்றலை மட்டும் விழுங்குவதற்குப் பதில், கடைசி எலக்ட்ரானையே பிடுங்கி எறிய 9.28 வேண்டும், இரண்டு எலக்ட்ரான் மிச்சமிருக்கும் இரும்புக்கு 8.83. நகராமல் நிற்கும் வாயுவேகூட அந்த எல்லையில் ஒரு படிக்கட்டு இறக்கத்தை உண்டாக்கிவிடும். அப்படியானால் கால் பங்கு ஒளிவேகமும் கிடையாது, புயலும் கிடையாது. சந்தேகப்பட்டவர்கள் வீம்புக்குச் சொல்லவில்லை. அன்றைய கருவிகளின் கூர்மைக்கு இரண்டுமே பொருந்தின.

இதைத் தீர்க்க இரண்டு விஷயங்கள் வேண்டியிருந்தன. ஒன்று, பள்ளத்துக்கு அப்பால் வரைகோடு மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க 10-க்கு மேற்பட்ட ஆற்றலிலும் அளவு வேண்டும். 2012-இல் ஏவப்பட்ட நாசாவின் நியூஸ்டார் எக்ஸ் கதிர் விண்கலத்தால் அது முடியும். 2013 ஆகஸ்ட் முதல் 2014 பிப்ரவரி வரை ஐந்து முறை, எக்ஸ்எம்எம்-நியூட்டனும் நியூஸ்டாரும் ஒரே நேரத்தில் இதைப் பார்த்தன. இரண்டாவது விஷயம் அந்தத் தரவிலேயே கிடைத்தது. பள்ளத்துக்குப் பக்கத்தில், குறைந்த ஆற்றல் பக்கம், ஒரு அகன்ற மேடும் இருந்தது. நம்மை நோக்கி வரும் வாயு பள்ளம் போடும். பக்கவாட்டில் மற்ற திசைகளில் போகும் அதே வாயு தான் விழுங்கியதை எல்லாப் பக்கமும் திருப்பி உமிழ்ந்து மேடு போடும். மேடும் பள்ளமும் ஜோடியாகத் தெரிந்தால் அது விரிந்து செல்லும் காற்று என்று அடித்துச் சொல்லலாம். அன்னத் தொகுதியிலுள்ள ஒரு நட்சத்திரத்தில் முதலில் கண்டதால் அதன் பெயராலேயே அந்த வடிவத்தைக் குறிப்பிடுவார்கள். மேட்டின் அளவைப் பார்த்தால் காற்று ஒரு குறுகிய பீய்ச்சலாக இல்லாமல், பாதி வானத்துக்கு மேல் விரிந்து வீசுகிறது. 2015-இல் 'சயின்ஸ்' இதழில் இது வந்தது. ஆண்டுக்குச் சுமார் 10 சூரிய நிறை வெளியேறுகிறது, அதன் இயக்க ஆற்றல் குவேசாரின் ஒளி ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு என்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். பல ஆண்டுத் தரவுகளை வரிசைப்படுத்தியவர்கள், எக்ஸ் கதிர் பிரகாசம் கூடும்போது காற்றின் வேகமும் கூடுவதை 2017-இல் காட்டினார்கள். காற்றைத் தள்ளுவதில் ஒளிக்குப் பங்கு இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

புற ஊதா சொன்னது

புற ஊதா நிறமாலை ஹப்பிளில் இருந்து, 2000-ஆம் ஆண்டில் எடுத்தது. முதலில் கண்ணில் படுவது கார்பன் உமிழ்கோடு. மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பன் தர வேண்டிய மேடு, இருக்க வேண்டிய இடத்திலிருந்து வினாடிக்கு 5,000 கிலோமீட்டருக்குச் சமமான அளவு நீலப்பக்கம் தள்ளியிருக்கிறது. குவேசார்களில் இது ரொம்ப அதிகம். புற ஊதாவை உமிழும் வாயுவும் நம் பக்கமாக வந்துகொண்டிருக்கிறது என்று தெரிகிறது.

அடுத்தது பள்ளம். ஏறத்தாழ 1346 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை அளக்கும் அலகு) பக்கம் ஒரு அகன்ற பள்ளம். ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா கோடு பக்கத்திலேயே இருப்பதால், 2005-இல் வந்த கட்டுரை அது ஹைட்ரஜன் போட்ட பள்ளம் என்று எடுத்துக்கொண்டது. மாணவர்களிடம் கணக்கைக் கொடுத்தேன். லைமன் ஆல்ஃபா 1216, 1.184-ஆல் பெருக்கினால் 1440. பள்ளம் 1346-இல். விகிதம் 0.935. வேகம் ஒளிவேகத்தில் 6, 7 சதவீதம். வினாடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "இந்த அயனிதான்னு பள்ளத்துல எழுதியா இருக்கு சார்?"

"எழுதலப்பா. வேற எது பொருந்தும்னு நீயே போட்டுப் பாரேன்."

போட்டான். கார்பனின் கோடு 1549, 1.184-ஆல் பெருக்கினால் 1834. அதே 1346-ஐ 1834-ஆல் வகுத்தால் 0.734. சூத்திரத்தில் போட்டதும் 0.30 வந்தது. ஒளிவேகத்தில் முப்பது சதவீதம்! எக்ஸ் கதிர் இரும்பு சொன்ன வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. வகுப்பில் ஒரு சலசலப்பு. தானே கண்டுபிடித்த மாதிரி அவனுக்கு முகம் மலர்ந்தது. இதே வாசிப்பை 2018-இல் ஒரு குழு முன்வைத்திருக்கிறது என்று சொன்னபிறகும் அந்த மலர்ச்சி குறையவில்லை. எனக்கும் குறைக்க மனமில்லை.

ஒரே பள்ளம், ஹைட்ரஜன் என்றால் 20,000, கார்பன் என்றால் 90,000 கிலோமீட்டர். எதை நம்புவது? ஹைட்ரஜன் கட்சிக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்த வேகத்தில் போகும் வாயுவில் கார்பனும் இருக்கும். அதன் பள்ளம் 1715 ஆங்ஸ்ட்ராம் பக்கம் விழுந்திருக்க வேண்டும். அங்கே அப்படி ஒன்று தெரியவில்லை. மற்ற குவேசார்களில் இப்படி அகன்ற பள்ளம் இருந்தால் கார்பனும் நைட்ரஜனும் கூடவே வருவதுதான் வழக்கம். ஹைட்ரஜன் மட்டும் தனியாக வருவது விசித்திரம்.

கார்பன் கட்சிக்கும் சங்கடம் இருக்கிறது. 26-இல் 25 எலக்ட்ரானை இரும்பே பறிகொடுக்கும் அளவுக்குக் கொடூரமான எக்ஸ் கதிர் வெள்ளத்தில், கார்பன் தன் எலக்ட்ரான்களில் பாதியைக் காப்பாற்றிக்கொண்டு எப்படிப் பிழைக்கும்? ஆறில் ஆறும் போயிருக்க வேண்டுமே. காற்று சீராகப் பரவியிருந்தால் இதற்குப் பதில் கிடையாது. அடர்த்தியான திரள்களாகக் காற்று உடைந்திருந்தால் மட்டும் வழியுண்டு. அடர்த்தி மிகுந்த இடத்தில் பறிபோன எலக்ட்ரான் சட்டென்று திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

வரத்தும் வெளியேற்றமும்

திரள்கள் உண்டா என்ற கேள்விக்குப் பதில் எதிர்பாராத வேகத்தில் வந்தது. 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம் விண்கலத்தில் உள்ள ரிசால்வ் கருவி, விழும் ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளும் உண்டாக்கும் துளி வெப்பத்தை அளந்து அதன் ஆற்றலைச் சொல்லும். 6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஐந்து எலக்ட்ரான் வோல்ட் அளவு வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டிவிடும். பழைய கருவிகளுக்கு நூற்றுச் சொச்சம் தேவைப்பட்டது. கருவியின் முன்னால் உள்ள பாதுகாப்பு மூடி விண்வெளியில் திறக்க மறுத்துவிட்டது. குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிர் அதைத் தாண்டி உள்ளே வராது. நல்லவேளை, இரும்பின் இடம் மேலே இருப்பதால் இந்த ஆய்வுக்குச் சேதமில்லை.

2024-இல் பிடிஎஸ் 456-ஐ அது பார்த்தது. முடிவு 2025 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது. இத்தனை காலம் ஒரே அகன்ற பள்ளமாகத் தெரிந்தது தனித்தனியாக ஐந்தாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். எல்லாமே ஒளிவேகத்தில் 20 முதல் 30 சதவீதத்துக்குள். படிக்கட்டு இறக்கம் என்ற பழைய சந்தேகம் அத்தோடு போயிற்று. காற்று திரள் திரளாகத்தான் வருகிறது.

திரள்களைக் கணக்கில் சேர்த்தால் வெளியேறும் நிறை ஏறுகிறது. ஆண்டுக்கு 60 முதல் 300 சூரிய நிறை என்றார்கள். இங்கேதான் வலங்கைமான் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். அவள் வீட்டில் காலையில் செய்தித்தாள் வந்ததும் முதலில் படிப்பது மேட்டூர் அணை நிலவரம்.

"உள்ள எவ்வளவு வருது சார்?"

ஒளி ஆற்றலிலிருந்து அதையும் கணக்கிடலாம். விழும் நிறையில் பத்தில் ஒரு பங்கு ஒளியாக மாறுகிறது என்ற வழக்கமான ஊகத்தை வைத்து அவளே போட்டாள். ஆண்டுக்கு 17, 18 சூரிய நிறை.

"நீர்வரத்து பதினெட்டு, வெளியேத்தறது அறுபது. அப்ப அணை எத்தனை நாள் சார் தாங்கும்?"

இதைவிடச் சரியாக அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. ஆய்வாளர்கள் இன்று முட்டிக்கொண்டிருப்பதும் இதில்தான். 2015-இன் பத்துச் சூரிய நிறை இந்தக் கணக்குக்குள் அடங்கியது, அறுபது அடங்கவில்லை. ஆற்றலையும் பார்த்தோம். கால் பங்கு ஒளிவேகத்தில் ஆண்டுக்கு 60 சூரிய நிறை என்றாலே இயக்க ஆற்றல் 1-க்குப் பக்கத்தில் 40 சுழியம் வாட். குவேசாரின் ஒளி முழுவதற்கும் சமம். முந்நூறு என்றால் அதன் ஐந்து மடங்கு. ஒளிதான் காற்றைத் தள்ளுகிறது என்றால், தள்ளுபவனை மிஞ்சித் தள்ளப்படுவது எப்படிச் சாத்தியம்?

சில பதில்கள் இருக்கின்றன. வரம்பைத் தாண்டி வாயு விழும்போது ஒளி உள்ளேயே சிக்கிக்கொண்டு கருந்துளையோடு போய்விடும்; அதனால் ஒளியை வைத்துப் போடும் வரத்துக் கணக்கு குறைத்துக் காட்டும். இல்லையென்றால், நாம் பார்த்த சமயம் ஒரு வெள்ளம் வந்த நாள். எல்லா நாளும் அப்படியில்லை. திரள்கள் நம் பார்வைக் கோட்டில் தற்செயலாகக் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம். இந்தக் குவேசார் இருக்கும் விண்மீன் மண்டலத்தை அல்மா ரேடியோத் தொலைநோக்கியில் பார்த்தவர்கள், வெளியே தள்ளப்படும் குளிர்ந்த வாயுவின் ஆற்றல், உள்ளே வீசும் இந்தப் புயலின் ஆற்றலோடு ஒப்பிடும்போது மிக மிகச் சிறியது என்று கண்டிருக்கிறார்கள். ஒரு குவேசார் தன் ஒளி ஆற்றலில் ஐந்து சதவீதத்தைக் காற்றாக வீசினாலே தன் மண்டலத்தில் நட்சத்திரப் பிறப்பை அடக்கிவிடும். சில மாதிரிகளில் அரை சதவீதமே போதும். இங்கே அதற்குப் பல மடங்கு வீசியும் சுற்றுப்புறம் அவ்வளவாக அசையவில்லை. புயல் விட்டு விட்டுத்தான் அடிக்கிறது என்றால் இது புரியும். திரள்கள் சுற்றியுள்ள வாயுவின் இடைவெளிகளில் நழுவிப் போய்விடுகின்றன என்றாலும் புரியும்.

இப்போதைக்கு

புற ஊதாப் பள்ளத்துக்கு வருவோம். திரள்கள் இருப்பது உறுதியான பிறகு என் ஓட்டு கார்பனுக்குத்தான். அடர்ந்த திரளின் உள்ளே கார்பன் பிழைத்திருக்கலாம். வேகமும் எக்ஸ் கதிர் எல்லைக்குள்ளேயே வருகிறது. 1715-இல் பள்ளம் இல்லாததும் உதைக்காது. ஆனால் இதைத் தீர்ப்பாக எழுத மாட்டேன். ஹப்பிள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தது 2000-இல். எக்ஸ்ரிஸம் திரள்களைப் பார்த்தது 2024-இல். இந்தக் குவேசாரின் எக்ஸ் கதிர் சில நாட்களிலேயே பல மடங்கு ஏறி இறங்கும். இருபத்துநாலு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு நிறமாலைகளை அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே காற்றுதான் என்று சொல்வது துணிச்சல்.

எக்ஸ்எம்எம்-நியூட்டனிலும் நாசாவின் ஸ்விஃப்ட் விண்கலத்திலும் சிறிய புற ஊதாத் தொலைநோக்கிகள் உண்டு. எக்ஸ் கதிரோடு சேர்ந்தே பார்க்கும். அவை தந்தது மொத்தப் பிரகாசம். எக்ஸ் கதிர் தாறுமாறாக மாறினாலும் புற ஊதாப் பிரகாசம் அவ்வளவாக அசைவதில்லை என்று அவற்றால் தெரிந்தது. தட்டு நிதானமாக இருக்கிறது, மேலே உள்ள சூடான பகுதியோ நடுவே வரும் திரள்களோதான் ஆட்டம் காட்டுகின்றன. பள்ளம் இருந்ததா என்று சொல்ல நிறமாலையே வேண்டும். 2015-இல் நாம் ஏவிய ஆஸ்ட்ரோசாட் விண்கலமும் இரண்டு வகைக் கதிர்களையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பிறந்ததுதான். ஆனால் இவ்வளவு மங்கலான ஒன்றில் ஐந்து திரள்களைப் பிரிக்கும் எக்ஸ் கதிர்க் கூர்மை அதற்குக் கிடையாது.

ஆகவே தேவை இதுதான்: எக்ஸ்ரிஸம் இதை மறுபடி பார்க்கும் அதே வாரத்தில் ஹப்பிள் 1150 முதல் 1800 ஆங்ஸ்ட்ராம் வரை ஒரு நிறமாலை எடுக்க வேண்டும். 0.30 வேகத்தில் கார்பன் பள்ளம் இருந்தால், அதே வேகத்தில் எக்ஸ் கதிரிலும் ஒரு திரள் அன்று இருந்தாக வேண்டும். அடுத்த பார்வையில் அந்தத் திரள் விலகியிருந்தால் பள்ளமும் விலக வேண்டும். விலகாமல் அங்கேயே நின்றால் நானும் ஹைட்ரஜன் கட்சிக்கு மாறிவிடுவேன். 2024 ஜூன் முதல் ஹப்பிள் ஒற்றை ஜைரோவை (திசையைக் காக்க உதவும் சுழலி) நம்பி ஓடுகிறது. நினைத்த நேரத்தில் நினைத்த பக்கம் திரும்ப முன்போல் அதற்கு முடியவில்லை. இரண்டு விண்கலங்களுக்கும் நாள் ஒத்துவராவிட்டால், நாசா 2030-இல் ஏவத் திட்டமிட்டிருக்கும் யுவெக்ஸ் என்ற புற ஊதா விண்தொலைநோக்கி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.